பழைய கணினியும் பாடம் சொல்லும்: நிரல் கற்கும் மாணவர்களுக்கு ஏற்ற எளிய இயங்குதளம்

தோட்டப்புறப் பெற்றோர்களின் நெஞ்சில் நிலைத்து நிற்கும் விருப்பம் ஒன்று உண்டு. நாம் பட்ட பாட்டை நம் பிள்ளைகள் படக்கூடாது. அவர்கள் படித்து முன்னேற வேண்டும் என்பதே அது. அந்நாளில் படிப்பு என்றால் புத்தகம், எழுதுகோல், மண்ணெண்ணெய் விளக்கு ஆகியவற்றோடு முடிந்தது. இந்நாளில் அவற்றோடு கணினியும் சேர்ந்துகொண்டது. 2017-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடப்புக்கு வந்த இடைநிலைப் பள்ளிக் கலைத்திட்டத்தில் அடிப்படைக் கணினி அறிவியல் என்னும் பாடம் இடம்பெற்றது. கணினிக்குக் கட்டளைகளை வரிசையாக எழுதிக் கொடுக்கும் கலையாகிய நிரலாக்கம் அப்பாடத்தின் ஒரு பகுதியாகும்.

நிரலாக்கத்தைக் காதால் கேட்டுக் கற்க இயலாது. பால்மரம் வெட்டப் பழகுபவன் கத்தியைக் கையில் பிடித்துத்தான் பழக வேண்டும். அதுபோல நிரல் எழுதப் பழகும் மாணவனும் கணினியின் முன் அமர்ந்து, எழுதி, பிழை கண்டு, திருத்தித்தான் பழக வேண்டும். பள்ளியில் வாரத்திற்குச் சில பாடவேளைகள் மட்டுமே கிடைக்கின்றன. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை, கணினி உள்ள பிள்ளைக்குப் பின்னால் நிற்க வேண்டியதாகிறது. திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. கருவி கிடைக்காமையே காரணமாகும்.

புதிய மடிக்கணினி வாங்குவது எளிதன்று. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என நிர்ணயிக்கப்பட்டது. புதிய மடிக்கணினி ஒன்றின் விலை ஒரு தொழிலாளியின் ஒரு மாத வருமானத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மழைக்காலத்தில் மரம் வெட்ட இயலாத நாள்கள் மிகும்போது நிலைமை இன்னும் கடினமாகிறது. ஆயினும் பழைய கணினி ஒன்று, புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங் போன்ற குடியிருப்புகளிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பல வீடுகளில் மூலையில் கிடக்கக் கூடும். உறவினர் கொடுத்ததாகவோ, அலுவலகத்தில் கழித்ததாகவோ, அண்ணன் அக்காள் பயன்படுத்தி விட்டதாகவோ அஃது இருக்கும். அந்தப் பழைய கணினிக்கு மறுவாழ்வு கொடுக்கும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயங்குதளம் என்பது யாது?

கணினியின் உடல் இரும்பும் பிளாஸ்டிக்கும் ஆனது. அவ்வுடலை இயக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். ஒரு தோட்டத்தில் ஆள்களும் மரங்களும் கருவிகளும் இருந்தாலும், காலையில் பெரட்டு வைத்து, நிரை பிரித்துக் கொடுத்து, வேலையை ஒழுங்கு செய்ய ஒருவர் வேண்டுமல்லவா? கணினிக்குள் அந்தப் பணியை இயங்குதளம் செய்கிறது. நம்மில் பலர் அறிந்த இயங்குதளம் விண்டோஸ். அதன் பத்தாம் பதிப்புக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கிவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறைவுற்றது. பதினோராம் பதிப்போ, குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம், டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு ஆகியவற்றைக் கேட்கிறது. பழைய கணினிகள் பலவற்றில் இவை இல்லை. அதனால் அவை குப்பைக்குப் போக வேண்டும் என்பதில்லை.

1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் லினக்ஸ் என்பதை உருவாக்கி உலகிற்குப் பொதுவாக்கினார். இன்று உலகெங்கும் உள்ள வல்லுநர்கள் அதைச் சேர்ந்து வளர்க்கின்றனர். யாரும் அதை இலவசமாகப் பெறலாம், படி எடுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இதற்கு உரிமக் கட்டணம் இல்லை. திருட்டுப் படி என்ற குற்றமும் இல்லை. கடைக்காரர் எவரேனும் லினக்ஸ் உரிமத்திற்கென்று பணம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. அவருடைய உழைப்புக்கான கூலியை மட்டும் பேசிக்கொள்ளலாம்.

தமிழர்களுக்கு இது புதிய செய்தியன்று. இந்தியாவின் சி-டாக் நிறுவனம் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோசோடு பாஸ் இயங்குதளமும் அக்கணினிகளில் இடம்பெற்றது. அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளிலும் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே நடைபெற்று வருகிறது. அங்குள்ள எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இயன்றது நம் பிள்ளைகளுக்கும் இயலும்.

பென்டிரைவிலிருந்தே இயங்கும் முறை

பொதுவாக இயங்குதளத்தைக் கணினியின் வட்டில் நிறுவிய பிறகே பயன்படுத்துவோம். நிறுவாமலேயே பயன்படுத்தும் முறையும் உண்டு. அதனை நேரடி இயங்குதளம் என்கிறோம். இயங்குதளம் முழுவதும் ஒரு பென்டிரைவில் இருக்கும். அதைக் கணினியில் செருகி இயக்கினால், கணினி தன் வட்டைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே இயங்கும். பென்டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் இயக்கினால் பழைய விண்டோஸ் முன்பிருந்தபடியே வரும். ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. அந்நாளில் குறுந்தட்டு பயன்பட்டது. இந்நாளில் பென்டிரைவ் பயன்படுகிறது.

இம்முறையால் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, வீட்டில் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால், ஒருவருடைய கோப்புகளுக்கு மற்றவரால் தீங்கு நேராது. இரண்டாவது, வட்டு பழுதடைந்த கணினியும் பயன்படும். மூன்றாவது, சொந்தக் கணினி இல்லாத பிள்ளையும் தன் பென்டிரைவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாமா வீட்டுக் கணினியில் தன் பாடத்தைத் தொடரலாம். பள்ளிக் கணினியிலும் பொது இணைய மையக் கணினியிலும் இவ்வாறு செய்வதற்கு முன் பொறுப்பாளரின் அனுமதியைக் கட்டாயம் பெற வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

லினக்சில் நூற்றுக்கணக்கான வகைகள் உள்ளன. பெயரைப் பார்த்தோ படத்தைப் பார்த்தோ தேர்ந்தெடுத்தல் தவறு. முதலில் நம் கணினியின் நிலையை அறிதல் வேண்டும். இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, செயலி 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்பது. விண்டோசின் அமைப்புகள் பகுதியில் கணினியைப் பற்றிய பக்கத்தில் இது காணப்படும். இயங்குதளம் எத்தனை பிட் என்பதைவிடச் செயலி எத்தனை பிட் என்பதையே அங்கு நோக்க வேண்டும். 64 பிட் செயலியில் 32 பிட் விண்டோஸ் நிறுவப்பட்டிருப்பதும் உண்டு. 2008-ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த சிறிய மடிக்கணினிகள் சில 32 பிட் செயலி கொண்டவை.

இரண்டு, ரேம் எனப்படும் நினைவகம் எத்தனை ஜிகாபைட் என்பது. இதுவும் அதே பக்கத்தில் இருக்கும். வேலை நடக்கும் மேசையின் அகலம் போன்றது நினைவகம். மேசை சிறியதாயின் ஒரே நேரத்தில் சில பொருள்களையே பரப்ப முடியும்.

இவ்விரண்டையும் அறிந்த பின்னர்ப் பின்வருமாறு தேர்ந்தெடுக்கலாம்.

நினைவகம் 4 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் இருந்தால், லினக்ஸ் மின்ட் எக்ஸ்எப்சிஇ பதிப்பு ஏற்றது. இதன் தோற்றம் விண்டோஸ் பழகியவர்களுக்கு எளிதில் பிடிபடும். 2 ஜிகாபைட்டிலும் இயங்கும் என்று அதன் வெளியீட்டாளர்கள் கூறினாலும், 4 ஜிகாபைட்டையே பரிந்துரைக்கின்றனர். இதற்கு 64 பிட் செயலி தேவை.

நினைவகம் 2 ஜிகாபைட் அளவில் இருந்தால், எம்எக்ஸ் லினக்ஸ் அல்லது ஆன்டிஎக்ஸ் ஏற்றது. இவ்விரண்டும் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டவை. பென்டிரைவிலிருந்து இயங்கும்போதே செய்த வேலையைச் சேமித்து வைக்கும் வசதி இவற்றில் நன்கு அமைந்துள்ளது.

நினைவகம் 1 ஜிகாபைட் அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி லினக்ஸ் ஏற்றது. ஆன்டிஎக்ஸ் 512 மெகாபைட் நினைவகத்திலும் இயங்கக்கூடியது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி காவ்லர் 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய பப்பி, அளவில் மிகச் சிறியது. ஆயினும் பப்பியில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். அதில் பயனர் வழக்கமாக முழு அதிகாரம் பெற்ற நிர்வாகியாகவே இயங்குகிறார். ஆகவே தவறுதலாக ஒன்றை அழித்தால் தடுப்பார் இல்லை. மேலும், சி போன்ற மொழிகளுக்குத் தேவையான கருவிகளைத் தனித் தொகுப்பாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

32 பிட் கணினி வைத்திருப்போர் ஒன்றை நினைவிற் கொள்க. டெபியன் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-ஆம் பதிப்பு 32 பிட் கணினிகளில் நிறுவுவதற்கான வசதியைக் கைவிட்டது. எம்எக்ஸ் லினக்சும் 25-ஆம் பதிப்பில் அவ்வாறே செய்தது. ஆகவே, டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 போன்ற பதிப்பின் 32 பிட் வடிவத்தையே இத்தகையோர் தேட வேண்டும். டெபியன் 12-க்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு.

மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்தால், எவ்வகைக் கணினி கிடைக்கும் என்று முன்கூட்டி அறிய இயலாத மாணவனுக்கு ஆன்டிஎக்ஸ் பொருத்தமானது எனலாம். தோற்றத்தில் அது பகட்டில்லாதது. பால் வெட்டும் கத்திக்கு வேண்டியது கூர்மையே அன்றி அலங்காரம் அன்று.

பென்டிரைவைத் தயாரிக்கும் முறை

8 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்று தொடக்கத்திற்குப் போதுமானது. வேலையைச் சேமிக்க 16 அல்லது 32 ஜிகாபைட் கொண்ட இன்னொன்றும் இருப்பது நன்று. வழிமுறைகள் வருமாறு:

1. இயங்குதளக் கோப்பை அதன் அதிகாரபூர்வமான தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்க வேண்டும். கோப்பு பெரியது, கைப்பேசித் தரவைச் செலவிடாமல், பள்ளியிலோ அருகிலுள்ள பொது இணைய மையத்திலோ பதிவிறக்கிக் கொள்வது சிக்கனமாகும்.

2. பதிவிறக்கிய கோப்பு குறையின்றி வந்துள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். அத்தளத்திலேயே எழுத்தும் எண்ணும் கலந்த சரிபார்ப்புக் குறியீடு கொடுக்கப்பட்டிருக்கும். நம் கோப்பின் குறியீடும் அதுவும் ஒன்றாக இருந்தால் கோப்பு சரியானது.

3. ரூபஸ் அல்லது எட்சர் என்னும் இலவச மென்பொருளால் அக்கோப்பைப் பென்டிரைவில் எழுத வேண்டும். வெறுமனே படியெடுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து இயங்காது. எழுதும்போது பென்டிரைவில் முன்பிருந்தவை யாவும் அழிந்துவிடும். ஆகவே, குடும்பப் படங்கள் உள்ள பென்டிரைவைப் பயன்படுத்தாதீர்கள்.

4. கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, மீண்டும் இயக்கியவுடன் தொடக்கப் பட்டியலுக்குரிய விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எப்12. எச்பி கணினிகளில் எப்9. ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப் விசை. வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

5. சில கணினிகளில் பாதுகாப்பான தொடக்கம் என்னும் அமைப்பை நிறுத்தினால்தான் பென்டிரைவ் இயங்கும். விண்டோஸ் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், இவ்வமைப்பை மாற்றும்போது மீட்புக் குறியீடு கேட்கப்படலாம். அக்குறியீடு கையில் இல்லாவிட்டால் அவ்வமைப்பைத் தொடவே கூடாது. பிறருடைய கணினியில் இதனை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

6. திரையில் நிறுவுக என்னும் படம் காணப்படும். அதனை அழுத்தினால் கணினியின் வட்டில் உள்ளவை அழிந்துபோக நேரலாம். பெரியவர்களின் முடிவின்றிப் பிள்ளைகள் அதனைத் தொடுதல் கூடாது.

மறந்தால் உழைப்பு வீணாகும்

நேரடி இயங்குதளத்தில் முதன்மையான குறை ஒன்று உண்டு. சேமிப்புக்குத் தனி ஏற்பாடு செய்யாவிட்டால், கணினியை அணைத்தவுடன் அன்று எழுதியவை அனைத்தும் மறைந்துவிடும். இரவெல்லாம் கண்விழித்து எழுதிய பாடத்தைக் காலையில் காணவில்லை என்றால், பிள்ளையின் ஊக்கமே குன்றிவிடும். நாள் முழுதும் எடுத்த பாலை மழை நீர் கலந்து கெடுத்துவிட்டது போன்ற இழப்பு அது.

இதற்குப் பரிகாரம், நிலைச்சேமிப்பு எனப்படும் ஏற்பாடாகும். பப்பியில், முதல்முறை அணைக்கும்போதே சேமிப்புக் கோப்பு ஒன்றை உருவாக்கலாமா என்று அதுவே கேட்கும். ஆன்டிஎக்சிலும் எம்எக்சிலும், முதல் பென்டிரைவிலிருந்து இயக்கி, அவற்றிலேயே உள்ள பென்டிரைவ் தயாரிக்கும் கருவியைக் கொண்டு இரண்டாவது பென்டிரைவை உருவாக்க வேண்டும். பின்னர் அந்த இரண்டாவதை இயக்கும்போது, தொடக்கப் பட்டியலில் நிலைச்சேமிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மாற்றங்களை நினைவகத்தில் வைத்திருந்து அணைக்கும்போது எழுதுவது, இது விரைவானது. மற்றொன்று, அவ்வப்போதே பென்டிரைவில் எழுதுவது. இது சற்று மெதுவானது, ஆனால் நினைவகம் குறைந்த கணினிக்கு ஏற்றது. லினக்ஸ் மின்ட் தானாக இவ்வாறு சேமிப்பதில்லை என்பதையும் அறிக.

நிலைச்சேமிப்பு இருந்தாலும், பென்டிரைவ் தொலையக்கூடியது, பழுதாகக்கூடியது. எனவே வாரம் ஒருமுறை பாடக் கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். முறையாக அணைத்த பின்னரே பென்டிரைவைக் கழற்ற வேண்டும்.

எதைக் கொண்டு கற்பது?

தொடக்க மாணவர்களுக்குப் பைதான் மொழி எளிது. டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் அதனை எளிதில் பெறலாம். எஸ்தோனியா நாட்டின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தோனி என்னும் மென்பொருள், நிரல் ஒவ்வொரு வரியாக எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் காட்டும். ஜீனி என்னும் எழுதுகருவி மிகவும் இலேசானது. சிறு பிள்ளைகளுக்குரிய ஸ்கிராட்ச் இணைய உலாவியில் இயங்குவதால், அதற்குக் கூடுதலான நினைவகம் வேண்டும். 1 ஜிகாபைட் கணினியில் அதனை எதிர்பார்த்தல் ஆகாது. தமிழிலேயே கட்டளைகளை எழுத உதவும் எழில் என்னும் நிரல் மொழியை முத்தையா அண்ணாமலை உருவாக்கியுள்ளார்; அது பைதானை அடித்தளமாகக் கொண்டது.

தமிழில் தட்டெழுதவும் லினக்சில் வழியுண்டு. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட தமிழ்நெட்99 விசைப்பலகை, லினக்சின் விசைப்பலகைப் பட்டியலில் உள்ளது. தமிழைக் கணினியில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவரான முத்து நெடுமாறன் நம் நாட்டவர். அவருடைய முரசு மென்பொருள் 1985-ஆம் ஆண்டில் தொடங்கியது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

வீட்டுக் கணக்கே முதல் பாடம்

பிள்ளை கற்பது வீட்டுக்கும் பயன்பட்டால் ஆர்வம் பெருகும். எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். ஒருவர் கொண்டுவந்த பாலின் எடை 25 கிலோ. அதில் உலர் ரப்பர் 32 விழுக்காடு என்று கொள்வோம். 25-ஐ 32-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 8 கிலோ உலர் ரப்பர் கிடைக்கிறது. இதனைச் செய்ய நான்கே கட்டளைகள் போதும்: எடையைக் கேள், விழுக்காட்டைக் கேள், பெருக்கி வகு, விடையைக் காட்டு. இதையே மாதத்தின் வேலை நாள்கள் அனைத்திற்கும் திரும்பச் செய்து கூட்டும்படி எழுதினால், மாணவன் சுழற்சி என்னும் பாடத்தைக் கற்றவனாகிறான். ஒட்டுப்பாலின் கணக்கைத் தனியே சேர்த்தால், நிபந்தனை என்னும் பாடத்தையும் கற்கிறான். தந்தையோ தாயோ சம்பளச் சீட்டைத் தம் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி பிறக்கிறது. கிராணியிடம் ஐயம் கேட்பதற்கும் தெளிவான எண் கையில் இருக்கும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

கணினி தெரியாத பெற்றோரும் இதில் துணைநிற்க முடியும். மூலையில் கிடக்கும் கணினியை எடுத்துத் தூசி நீக்கி, மின்கம்பி சேதமின்றி உள்ளதா என்று பாருங்கள். மின்கலம் உப்பியிருந்தால் அதனைப் பயன்படுத்தாதீர்கள். பள்ளிக் கணினி ஆசிரியரிடம் செயலியையும் நினைவகத்தையும் கூறி அறிவுரை கேளுங்கள். அண்டை வீட்டார் சிலர் சேர்ந்து ஒரு பென்டிரைவைத் தயாரித்தால், அதிலிருந்தே மற்றவர்களுக்கும் படி எடுத்துக் கொடுக்கலாம். இதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. நாள்தோறும் ஒரு மணி நேரம் பிள்ளை அமைதியாக அமர்ந்து பயில இடம் கொடுங்கள். அன்று எழுதிய நிரலை விளக்கிக் காட்டும்படி கேளுங்கள். பிறருக்கு விளக்கும்போதுதான் தான் கற்றது தெளிவாகும்.

பழைய கணினி புதிய கணினிக்கு ஈடாகாது. அதில் பெரிய விளையாட்டுகள் ஓடமாட்டா. பல பக்கங்களை ஒருங்கே திறந்தால் திணறும். ஆனால், சிந்தித்து எழுதவும், எழுதியதைச் சோதிக்கவும், பிழையைத் திருத்தவும் அது போதும். நிரலாக்கக் கல்வியின் அடித்தளம் அவ்வளவே. சிறிய செலவில் கிடைக்கும் இவ்வாய்ப்பைத் தோட்டப்புற மாணவர்கள் நழுவவிடாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பெற்றோர்கள் அதற்குத் தோள்கொடுக்க வேண்டும்.